பூட்டியாச்சோ?

சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காரின் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளேயே காத்திருக்கிற என் வயதுத் தாய்மாருக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும். 'டபிள் செக்.' குளிர்கால ரயர் மாற்றிய கடைக்கு மறுபடியும் போய், நட்டுகளை இன்னொருதரம் இறுக்கிப் பார்க்கச் சொன்னேன் என்றபோது நீங்கள் சிரித்தீர்கள். கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு திரும்ப வாருங்கள் என்று கடைக்காரர்களே சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் உங்களில் ஒருவர்கூடப் போனதில்லை. நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில், அந்தப் பையன் எல்லா நட்டையும்தான் இறுக்கினானா, என்னோடு பேசிக்கொண்டே ஒன்றை விட்டுவிட்டானா என்று யோசித்துக்கொண்டு போனேன்.

பிள்ளைகள் பின்னால் இருக்கும்போது காரில் ஏதாவது சத்தம் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பலர் பாட்டைக் கூட்டுவீர்கள். நான் குறைப்பேன். பிள்ளைகளையும் பேசாமல் இருக்கச் சொல்வேன். அது கூடாது என்று எனக்குத் தெரியும். என் மூத்தவள் இப்போதே சத்தத்தைக் கவனிப்பதில்லை, கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். இந்தக் காது எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை எழுதிப் பார்த்தால் அவளுக்கு அதைக் கொடுக்காமல் விடலாமோ என்று ஒரு எண்ணம்.

எனக்கு எட்டு வயது. ஊரைவிட்டு வந்து, வோபர்ன் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். தம்பி இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. அப்பாவுக்குப் பேக்கரியில் வேலை. அம்மாவுக்கு ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிற வேலை. ஊரில் அம்மா ஆங்கில ரீச்சர். அதனால் கட்டடத்தில் யார் டொக்டரிடம் போவதென்றாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அம்மாவின் ஆங்கிலம் ஒவ்வொரு சொல்லாக இஸ்திரி போட்டு மடித்து வைத்தது போல இருக்கும். அவர் மொழிபெயர்த்தால் அதற்கு மறுபேச்சில்லை.

அப்பாவிடம் ஒரு நீண்ட பழைய வான் இருந்தது. வடக்கே ஒரு பண்ணைக்காரரிடம் வாங்கியது. கதவைத் திறந்தால் வைக்கோலும் ஈர நாயும் கலந்த மணம் வரும். முன்கண்ணாடியில் அம்மாவின் செபமாலை ஆடும். ஆகக் கடைசி இருக்கை என்னுடையது. அங்கே சூடு வந்து சேராது. இருக்கைத் துணியில் யாரோ சிகரெட்டால் சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அதற்குள் விரலை விட்டு மஞ்சள் ஸ்பொஞ்சைத் துளித்துளியாகப் பிடுங்குவது என் வேலை. அந்த இருக்கைக்கு நேர் கீழேதான் வானின் பின் அச்சு.

அந்த வானில் அப்பாவுக்குப் பெருமை ஒன்று இருந்தது. லொக்கர். அது என்னவென்று விளக்குவதற்கு ஒரு நாள் பனிக்கட்டி படிந்த பார்க்கிங்கில் என்னையும் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.

"நீங்கள் ரெண்டு பேரும் பின் சில்லு. மற்ற வானுகளிலை ஒரு சில்லு சறுக்கினா அது மட்டும் சும்மா சுத்தும், மற்றது பாத்துக்கொண்டு நிக்கும். எங்கடை வானிலை அப்பிடி இல்லை. ஒண்டு சறுக்கினா, அச்சுக்கு நடுவிலை இருக்கிற டிபரன்சல் பெட்டிக்குள்ளை லொக் விழும். ரெண்டும் ஒண்டாச் சுத்தும். ஒராள் மற்றாளை விடாது. எங்கை, கையைப் பிடியுங்கோ பாப்பம்."

நாங்கள் கையைப் பிடித்தோம். தம்பி சறுக்கி என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தான்.

"அத்தான், உங்கடை லொக்கர் ரெண்டு சில்லையும் ஒண்டா விழுத்துது," என்றார் மாமா.

மாமா என்பது அம்மாவின் தம்பி. அந்த வருடம்தான் வந்து எங்கள் சோபாவில் படுத்திருந்தார். ஊரில் மீன்பிடி வள்ளங்களின் இஞ்சின் பார்த்தவர். எந்த வேலையைச் சொன்னாலும் "உது என்ன பெரிய வேலையே" என்பார்.

அப்பா எங்களைத் தூக்கி நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். "லொக் விழேக்கை 'டக்' எண்டு ஒரு சத்தம் கேக்கும். பயப்பிடக் கூடாது. அது நல்ல சத்தம்."

சனிக்கிழமைகளில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளையும் பக்கத்துக் கட்டடத்துப் பிள்ளைகளையும் அந்த வானில்தான் அப்பா தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோவார். அவர்களின் தாய் தகப்பன்மாருக்குச் சனிக்கிழமையும் வேலை. வான் நிறைந்துவிடும். நனைந்த கம்பளிக் கையுறைகளின் மணம், யாரோ ஒருவனின் ஒழுகுகிற மூக்கு, ஜன்னல் முழுக்க விரலால் எழுதின அ, ஆ. கீழே இறங்கும் தாய்மார் லொபியில் நின்று அப்பாவைப் பார்த்து, "கவனமாக் கொண்டுபோங்கோ அண்ணை," என்பார்கள். "ஓம் ஓம்," என்பார் அப்பா. அவ்வளவுதான். இப்போது நான் என் பிள்ளையை வேறொருவரின் காரில் ஏற்றுவதற்கு முன் எத்தனை கேள்வி கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நவம்பரில், பின் சில்லு ஒன்றின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருப்பதை மாமா கண்டுபிடித்தார். "எண்ணெயை மறிக்கிற சீல் பழுதாப் போட்டுது அத்தான். உது என்ன பெரிய வேலையே. நாங்களே மாத்துவம்."

சீலை மாற்றச் சில்லின் தண்டை வெளியே இழுக்க வேண்டும். தண்டை இழுக்க டிபரன்சலின் மூடியைக் கழட்ட வேண்டும். மூடிக்கு உள்ளே, பெரிய பெரிய பற்சில்லுகளுக்கு நடுவே, என் சின்னவிரல் அளவில் ஒரு போல்ட் இருந்தது. அது ஓர் ஊசித்தண்டைப் பிடித்திருக்கும். அந்த ஊசித்தண்டுதான் இரண்டு பக்கத் தண்டுகளையும் உள்ளே நிறுத்தி வைத்திருக்கும். மாமா இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அப்பா கேட்டார், "ஓடேக்கை உந்தப் போல்ட் விழுந்தா?"

"விழுந்தா ஊசி வெளிக்கிடும். ஊசி வெளிக்கிட்டா சில்லு தண்டோடை கழண்டு தன்ரை பாட்டிலை போகும்," என்றார் மாமா, பெரிய பகிடி சொன்னது போல. "ஆனா அது விழாது."

கட்டட விதிப்படி பார்க்கிங்கில் வாகனம் திருத்தக் கூடாது. குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் வானை நிறுத்தி, முட்டுக்கொடுத்து, அட்டைப்பெட்டிகளை விரித்து வேலை தொடங்கினார்கள். பழைய எண்ணெய் பிறந்தநாள் விழாக்களுக்குச் சோறு வைக்கிற அலுமினியத் தட்டில் வடிந்தது. கூழ்முட்டை மணம். சிந்தியதை உறிஞ்சுவதற்குப் பூனை மண் ஒரு பை வாங்கிக் கொட்டினார்கள். கட்டடத்தைப் பராமரிக்கிற சூப்பரின்டென்டென்ற்றை எல்லோரும் 'சூப்பர்' என்றுதான் சொல்வோம். அவர் வானைப் பார்ப்பதற்கு முன் பூனை மண் பையைத்தான் பார்த்தார். எந்த வீட்டில் பூனை, கட்டடத்தில் பூனைக்கு அனுமதி இல்லை என்று கேட்டார். பிறகு வானைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் இது ஓடாவிட்டால் இழுத்துக்கொண்டு போகச் சொல்வேன் என்றார்.

நான் தம்பியைப் பிடித்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் இருந்தேன். மாமா வானுக்குக் கீழே படுத்து ஸ்பானரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"மெல்லப் பிடி மச்சான்."

"அசையுதில்லை அத்தான். பசை போட்டு ஒட்டின மாதிரி நிக்குது."

பிறகு ஒரு சின்னச் சத்தம். பென்சில் முறிந்தது போல. போல்ட்டின் தலை மாமாவின் கையில் இருந்தது. உடல் உள்ளே இருந்தது. உடல் வெளியே வராமல் ஊசி வராது, ஊசி வராமல் தண்டு வராது. வான் வயிறு திறந்தபடி நின்றது.

அடுத்த நாள் அம்மா தொழிற்சாலையில் லீவு எடுத்தார். அப்பா, அம்மா, நான், மடியில் தம்பி, நால்வரும் பஸ் ஏறி வெக்ஸ்போர்ட்டில் ஒரு சின்ன கராஜுக்குப் போனோம். கராஜ்காரர் பல்லுக்குத்தியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு உருட்டிக்கொண்டே பேசுகிற ஒரு பெரிய வெள்ளைக்காரர். அம்மா கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, வகுப்பில் நிற்பது போல நின்று, விஷயத்தை விளக்கினார். அவர் மேசை லாச்சியைத் திறந்து, துளைபோடுகிற ட்ரில் பிற் ஒன்றை எடுத்தார்.

"இது இடப்பக்கமாச் சுத்துற பிற்றாம்," என்றார் அம்மா. "முதல் அந்த இடத்தைச் சூடாக்கட்டாம். பிறகு இதாலை நடுவிலை துளைக்க, துளைச்சுக்கொண்டு போகேக்கை அதுவே போல்ட்டைக் கவ்விக் கழட்டிக்கொண்டு வருமாம்."

"கெட்டிக்காரன்," என்றார் அப்பா.

பிறகு கராஜ்காரர் ஒரு புதுப் போல்ட்டை எடுத்து, அப்பாவிடம் அல்ல, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். "ஹீ ஹாஸ் ரு லொக் இற்," என்றார். லொக் பண்ணாவிட்டால் தானாகவே கழன்று வரும் என்றும் சொன்னார்.

"இதைக் கட்டாயம் பூட்டோணுமாம்," என்றார் அம்மா. "பூட்டாட்டில் தானாக் கழண்டு வருமாம்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "பூட்டாமல் கையிலை வைச்சுக்கொண்டோ ஓடுறது? வடிவா இறுக்கிப் பூட்டுவன் எண்டு சொல்லும்."

"யெஸ். ஹீ வில் லொக் இற் வெரி ரைற்லி," என்றார் அம்மா.

கராஜ்காரர் பல்லுக்குத்தியை நிறுத்திவிட்டு, வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். எது என்று சொல்லவில்லை.

"உங்களிட்டை இருக்கோ எண்டு கேக்கிறார்."

"என்னது, ஸ்பானரோ? எல்லாச் சைஸும் இருக்கெண்டு சொல்லும்."

"வீ ஹாவ் ஆல் சைஸஸ்."

அவர் அம்மாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு "குட்" என்றார். நாங்கள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

சூடாக்குவதற்கு அம்மாவின் தலைமயிர் காய வைக்கிற மெஷினை எடுத்தார்கள். கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறை ஜன்னலால் நீட்டு வயர் இழுத்து, மாமா அதை டிபரன்சலுக்குள் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா ட்ரில்லைப் பிடித்தார். முதலில் இரும்பு அழுகிற சத்தம். அப்பா நிறுத்தினார், மூச்சை விட்டார், மறுபடி பிடித்தார். பிற் முறிந்தால் முடிந்தது என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். "வாயை மூடு மச்சான்," என்றார் அப்பா. திடீரென்று சத்தம் மாறியது. ட்ரில் இலேசாகச் சுற்றத் தொடங்கியது. அப்பா அதை வெளியே எடுத்தபோது பிற்றின் நுனியில் அந்தத் துண்டு குத்திக்கொண்டு நின்றது, பூ உதிர்ந்த கராம்பு போல.

அதை அப்பா என் கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது. அதன் புரிகளுக்குள் மிளகாய்த்தூள் போல ஒரு சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது.

"இதென்னப்பா சிவப்பா?"

"கறள்," என்றார் அப்பா.

எண்ணெய்க்குள்ளேயே கிடக்கிற இரும்பு எப்படித் துருப்பிடித்துக் கறள் கட்டும் என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தத் துண்டை நெடுநாள் பென்சில் பெட்டிக்குள் வைத்திருந்தேன். எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. அம்மாவின் மெஷின் மட்டும், அதற்குப் பிறகு எப்போது போட்டாலும் அறை முழுக்கக் கூழ்முட்டை மணக்கும்.

சீல் மாற்றினார்கள். புதுப் போல்ட் போட்டார்கள். மூடியை இறுக்கினார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார்.

"பூட்டியாச்சோ?" என்று அம்மா கேட்டார்.

"பூட்டியாச்சு," என்றார் அப்பா.

டிசம்பரில் பனி கொட்டத் தொடங்கியது. வான் வழுக்காமல் போனது. லொபியில் தாய்மார் அப்பாவின் வானைப் புகழ்ந்தார்கள். கடைசி இருக்கையில் எனக்கு மட்டும் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. வளைவுகளில் திரும்பும்போது, 'டக்.'

"அப்பா, சத்தம் கேக்குது."

"அது லொக் விழுற சத்தம். நல்ல சத்தம் எண்டு சொன்னனெல்லே."

அப்பா சொன்னது உண்மைதான். லொக்கர் உள்ள வாகனங்கள் அப்படித்தான் சத்தம் போடும். ஆனால் அடுத்த கிழமை, பனி இல்லாத வீதியில், ஒன்றும் சறுக்காத இடத்திலும் 'டக்' என்றது. அதற்குப் பிறகு 'டக்' என்பதற்குப் பின்னால் 'டிக்' என்று ஒரு சின்ன ஒட்டு. நான் மற்றப் பிள்ளைகளைக் கத்த வேண்டாம் என்றேன். அவர்கள் கூடக் கத்தினார்கள். சில்லு தண்டோடு கழன்று தன்பாட்டில் போவதை நினைத்துக்கொண்டு ஸ்பொஞ்சைப் பிடுங்கினேன். ஓட்டை பெரிதாகிவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா மாமாவிடம் சொன்னார். மாமா, "பிள்ளைக்குக் காதுக்குள்ளை ஏதோ பூச்சி பூந்திட்டுது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள் என்றால், பிழை என் காதில்தான் இருக்க வேண்டும்.

இனி இன்னொரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அம்மாவும் நானும் தம்பியும் பால் வாங்கக் கடைக்குப் புறப்பட்டோம். திறப்பை, வீட்டுச் சாவியை, என்னிடம் தந்திருந்த அம்மா லிஃப்ற்றடியில் நின்றபடி, "கதவைப் பூட்டினியோ?" என்றார். தம்பி புதிதாகப் பழகிய ஆங்கிலத்தில், கிளி போல, "டிட் யூ லொக் இற்?" என்றான். அவனுக்கு அப்போது எல்லாவற்றையும் இரண்டு மொழியில் சொல்கிற பைத்தியம்.

எனக்கு ஒரு கேள்வி வந்தது. பிள்ளைக் கேள்விதான்.

"அம்மா, லொக் எண்டாத் திறப்பாலை பூட்டுறதெல்லே. போல்ட்டுக்குத் திறப்பில்லையே. ஏன் அந்தக் கராஜ்காரர் லொக் பண்ணச் சொன்னவர்?"

லிஃப்ற் வந்தது. கதவு திறந்தது. அம்மா ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டு போனது.

நீங்களும் இந்தத் தமிழைப் பேசுகிறவர்கள்தான், யோசித்துப் பாருங்கள். நாங்கள் கதவையும் பூட்டுகிறோம், கழட்டின சைக்கிளையும் பூட்டுகிறோம். பிரித்த பொருளைத் திரும்பச் சேர்த்து இறுக்குவதும் எங்களுக்குப் பூட்டுவதுதான். 'லொக்' என்று ஆங்கிலத்தில் கேட்டதை அம்மா 'பூட்டு' என்று தமிழில் சொன்னார். அதில் பிழையே இல்லை. அந்தச் சொல் அப்பாவின் காதில் போய் விழுந்தபோது வேறொன்றாக இருந்தது. போல்ட்டைச் சும்மா போட்டு இறுக்குவதை ஒரு வெள்ளைக்காரர் 'லொக்' என்று சொல்லியிருக்க மாட்டார். ஆங்கிலம் படிப்பித்த அம்மாவுக்கு அது லிஃப்ற் வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

"அவர் வேறென்னவோ சொல்லியிருக்கிறார்," என்றார். எனக்குச் சொல்லவில்லை.

கடைக்குப் போகவில்லை. உள்ளே வந்து கராஜுக்குப் போன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கராஜை அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சனியும் ஞாயிறும் அவர்கள் பூட்டு. இதை எழுதும்போதுதான் அந்தச் சொல் அங்கேயும் வந்து நிற்பதைக் காண்கிறேன்.

சனிக்கிழமை காலை பிள்ளைகள் வழக்கம்போல லொபியில் நிறைந்துவிட்டார்கள். பேக்கரி இரவு வேலையால் விடியத்தான் வந்த அப்பா வானை வாசலில் சூடாக்கிக்கொண்டிருந்தார். அம்மா வேலைக்குப் போகிற கோட்டோடு வந்து, வானின் பக்கக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு இது போக வேண்டாம்."

"என்ன?"

"அந்த மனுசன் லொக் எண்டு சொன்னது இறுக்கிறதை இல்லை. வேறை ஏதோ. என்னெண்டு எனக்குத் தெரியேல்லை. ஆனா நாங்கள் அதைச் செய்யேல்லை."

"என்னெண்டு தெரியாதாம், ஆனாச் செய்யேல்லையாம்," என்றார் அப்பா. சிரிக்கப் பார்த்தார். லொபியில் இரண்டு தாய்மார் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் காது சிவந்தது. "நான் என்ரை கையாலை பூட்டினன். இறுகப் பூட்டினன். பிள்ளையள் பிந்துது. தள்ளும்."

"தள்ள மாட்டன்."

அம்மா மற்றவர்கள் முன்னால் அப்பாவுக்கு மறுத்துப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கையுறை போடாத கை கதவுப் பிடியை விடவில்லை. அம்மாவுக்கும் நிச்சயம் இல்லை என்பதை நான் அவர் முகத்தில் கண்டேன். அவரிடம் இருந்தது ஒரு சொல். அதுவும் இரண்டு பக்கமும் அர்த்தம் தருகிற சொல். அதை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு பேருக்கு முன்னால் நிற்கிறார். பிழையாகப் போனால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தது போல அவரையும் பார்த்துச் சிரிப்பார்கள்.

"எல்லாரும் மற்றவையின்ரை பிள்ளையள்," என்றார் அம்மா. அதை மெல்லச் சொன்னார், அப்பாவுக்கு மட்டும்.

அப்பா வானை நிறுத்தினார். மாமாவிடம், "நீ பிள்ளையளைச் சிட்டி பஸ்ஸிலை கொண்டு போ," என்றார். மாமா கோழிக்குஞ்சுகளைச் சாய்ப்பது போல அவர்களைச் சாய்த்துக்கொண்டு போனார். நான் போக மாட்டேன் என்று அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால், பனியைத் தள்ளிவிட்டு, மறுபடியும் அட்டை விரித்தார் அப்பா. கருவிகளை வேண்டுமென்றே சத்தமாகப் போட்டார். சூப்பர் வந்தார். இங்கே வாகனம் திருத்தக் கூடாது என்று தொடங்கினார்.

"ருடே, வீ ரிப்பேர்," என்றார் அம்மா. இஸ்திரி போடாத ஆங்கிலம். சூப்பர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், திரும்பிப் போனார்.

மூடி கழன்றது. எண்ணெய் சோற்றுத் தட்டில் இறங்கியது. அப்பா சில்லைக் கையால் மெல்லச் சுற்றினார். பற்சில்லுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, அந்தச் சின்னப் போல்ட் கண்ணுக்கு வந்தது. தலை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்பா பக்கத்தில் இருந்த ஸ்பானரை எடுக்கக் கை நீட்டினார். பிறகு எடுக்கவில்லை. இரண்டு விரலால் அதைச் சுற்றினார்.

வந்துவிட்டது. சத்தமே இல்லாமல்.

அப்பா அட்டையில் அப்படியே இருந்தார். நெடுநேரம் லொபிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு போல்ட்டைத் தன் சட்டைக் கையில் துடைத்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அம்மா விரல்களை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. என் காது சரி என்று தெரிந்ததும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் சரி என்று சொல்லும்போதும் அது இரண்டு விரலுக்குக் கழன்றுவிடக்கூடும் என்பதுதான் வந்தது. அதுதான் இன்றுவரை போகவில்லை.

திங்கட்கிழமை அம்மா தனியாகக் கராஜுக்குப் போய்வந்தார். கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சிவப்புக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணுக்கு மருந்து விடுகிற குப்பி அளவு. போல்ட்டின் புரியில் இரண்டு மூன்று துளி விட்டுப் பூட்டினால் உள்ளே காய்ந்து இறுகிவிடுமாம், எவ்வளவு அதிர்ந்தாலும் சுற்றாதாம். அதைத்தான் அவர்கள் லொக் என்கிறார்கள்.

"பசை," என்றார் மாமா. கொஞ்சம் பொறுத்து, "அப்ப முதல் போல்ட்டும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பசை போட்டு ஒட்டின மாதிரி நிற்கிறது என்று சொன்னவர் அவர்தான். காய்ந்த பசையின் சிவப்புத் தூளைக் கறள் என்றவர் அப்பா. எல்லாம் எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது.

அன்று பின்னேரம் அப்பா கீழே போய்ச் சற்று நேரத்தில் திரும்பி வந்தார். அம்மா சமைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாரும், ஒருக்காக் கீழை வாரும்."

"என்னத்துக்கு?"

"துளி விடோணும். நீரே விடும்."

அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார். ஊரில் கரும்பலகைக்கு முன்னால் நின்ற அம்மா அட்டையில் முழங்காலில் இருந்து, அப்பா பிடித்த ரோச் வெளிச்சத்தில் குப்பியைச் சரித்தார். கோயிலில் மெழுகுதிரி கொளுத்தும்போது நாக்கை இலேசாகக் கடிப்பது போலவே அப்போதும் கடித்துக்கொண்டார். அப்பா ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கிறவர் இல்லை. அன்றும் கேட்கவில்லை. "இன்னும் ஒரு துளி," என்றார். அம்மா விட்டார்.

அம்மா அதற்குப் பிறகு எதையும் ஒருமுறை கேட்டு விட்டதில்லை. டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், கடையில், "நீங்கள் என்ன கருத்திலை சொல்லுறியள்?" என்று கேட்பார். பதின்ம வயதில் எனக்கு அது பெரிய வெட்கம். இப்போது நான் ரயர் கடையில் நிற்கும்போது என் வாயால் வருவதும் அதே கேள்விதான். அது அளவுக்கு மிஞ்சிவிட்டதோ என்று நானே சந்தேகப்படுகிறேன். அந்தச் சந்தேகத்தையும் இன்னொருமுறை யோசிக்கிறேன். நீங்கள் சிரிக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை வான் மறுபடியும் வாசலில் நின்றது. பிள்ளைகள் ஏறினார்கள். அம்மா வெளியே நின்று பக்கக் கதவை இழுத்து அடைத்தார். அப்பா கண்ணாடியை இறக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"பூட்டியாச்சோ?"

"பூட்டியாச்சு," என்றார் அம்மா.

அப்பா கியரைப் போடவில்லை. செபமாலை ஆடி நின்றது.

"எதை?"

"ரெண்டையும்," என்றார் அம்மா.

வான் புறப்பட்டது. வீதிக்குத் திரும்புகிற இடத்தில் பனி சறுக்கி, என் இருக்கைக்குக் கீழே 'டக்' என்றது. நல்ல சத்தம்தான். ஆனாலும் நான் திரும்பி, ஜன்னலில் யாரோ எழுதியிருந்த ஆவன்னாவின் ஊடாக, அம்மா இன்னும் அங்கேயே நிற்கிறாரா என்று பார்த்தேன். நின்றார்.